தபசுக்கு விட்டவை

பெப்ரவரி 18, புதன். விபூதிப் புதன்.

காலையில் பனி. ஓட்டம் நாலு கிலோமீற்றர், மணல் வீதி. சப்பாத்து ஓர் அளவு பெரிது, விரல் பக்கம் பழைய பேப்பர் திணித்து ஓடுகிறேன்.

பொலிஸ் பயிற்சி முகாமுக்கு வந்து ஐந்தாவது கிழமை. எங்கள் அறையில் இருபத்திரண்டு பெண்கள். நோ இல்லாத கால் ஒன்றுகூட இல்லை. இங்கே பெயர் கிடையாது, இலக்கம்தான். இன்று வரைக்கும் சேர்ந்த பட்டியல்:

7 – வலது கணுக்கால் சுளுக்கு.
12 – குதி. எழும்பி முதல் பத்து அடி மட்டும் நோகும், பிறகு காணாமல் போகுமாம்.
19 – முழங்கால். படி இறங்கும்போது நோ, ஏறும்போது இல்லை. ஏன்?
33 – இடுப்பு.
41 (நான்) – இடது முன்னங்கால் எலும்பு. விரலால் அழுத்தினால் ஒரே ஓர் இடம், ஒரு ரூபாய்க் குற்றியளவு.

மொத்தமாகப் பார்த்தால் இடது காலில்தான் கூட. அணிநடையில் இடதைத்தானே நிலத்தில் ஓங்கி அடிக்கிறோம், அதனாலோ? எங்களைப் பழக்கும் சார்ஜன் மல்லிகா மேடத்திடம் கேட்டேன். வவுனியாவில் வேலை செய்து தமிழ் பழகியவர். "நாப்பத்தி ஒண்ணு, நீ பொலிஸா, டொக்டரா?" பதில் அவ்வளவுதான்.

விபூதி பூச ஒருவரும் வரவில்லை. கீழ்க்கட்டில் றெஜினாக்கா தன் வேதாகமத்துக்குள் வைத்திருந்த போன வருடத்துக் குருத்தோலையை எடுத்து, சவர்க்காரப் பெட்டி மூடியில் வைத்து எரித்து, எங்கள் ஆறு பேர் நெற்றியிலும் சிலுவை போட்டுவிட்டார். அறையில் மூத்தவர் அவர்தான். தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து பதினாறு வயதில் திரும்பி வந்தவர், பேச்சில் இன்னும் அந்தப் பக்கத்து 'டி' ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை என்று அலைந்து முடிக்கவே பல வருடம் போய்விட்டதாம். வயதெல்லை முடிகிற கடைசி வருடத்தில் வந்து ஏறியிருக்கிறார்.

அம்மாவுடன் போனில் ஐந்து நிமிடம். எங்கள் ஊர் பேசாலையில் மீன் பாடு பரவாயில்லையாம். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் தபசுக்கு எதை விடப்போகிறாய் என்று கேட்டார். இறைச்சி என்றேன். இங்கே இறைச்சி எப்போது தந்தார்கள், விடுவதற்கு? அம்மாவும் விடவில்லை.

"உன்ர விடுப்பை விடு பிள்ளை. அதுதான் உனக்கு ஒறுத்தல்."

சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்தப் பெயர்தான், விடுப்புக்காரி, எல்லாவற்றையும் துருவிக் கேட்பவள். அடுத்த வீட்டில் என்ன கறி என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. சரி, நாற்பது நாள்தானே. விதிகள்:

ஒன்று, மற்றவர்களின் விஷயம் கேட்பதில்லை.
இரண்டு, எட்டிப் பார்ப்பதில்லை.
மூன்று, எழுதுவது கேட்பதில் சேராது. (இது இல்லாவிட்டால் வெடித்துச் செத்துப்போவேன்.)

மற்றவர்களும் சொன்னார்கள். 12 சீனியை விட்டிருக்கிறாள், 19 படம் பார்ப்பதை. றெஜினாக்கா மட்டும் சொல்லவில்லை. சொன்னால் பலன் போய்விடுமாம். என்னவென்று கேட்க வாய் திறந்து, மூடினேன். முதல் நாளே இப்படி.


பெப்ரவரி 20, வெள்ளி.

வெயில். காற்று அசையவில்லை. காலைச் சாப்பாடு பாணும் சம்பலும்.

கால் காட்ட மருந்தறைக்குப் போனேன். அங்கே இருக்கும் அண்ணா அரை நிமிடம் பார்த்தார், தைலம் பூசினார், அனுப்பினார். குதிக்கும் தைலம், முழங்காலுக்கும் தைலம். ஒரே போத்தல்.

பின்னேரம் அறைக்குள்ளேயே சிலுவைப்பாதை. பதினான்கு தலம், பதினான்கு முறை முழந்தாள். 19 ஒவ்வொரு தலத்திலும் ஆண்டவரைவிடக் கூட முனகினாள். சிரிப்பை அடக்கினதும் ஒறுத்தலில் சேரும் என்று நினைக்கிறேன்.

முஸ்லிம்களின் நோன்பும் இந்தக் கிழமைதான் தொடங்கியது. எங்கள் அறையில் மூன்று பேர். பர்ஹானா முசலி ஊர்ப் பிள்ளை, வீடு கூப்பிடு தூரம், ஆனால் போக ஏலாது. நோன்புக்காரருக்கு மத்தியானத்துக்குப் பிறகு பயிற்சி இல்லை, எழுத்தில் அனுமதி. வேம்பின் கீழ் இருந்து எங்கள் எண்ணிக்கையைச் சத்தமாக எண்ணுவது அவர்கள் வேலை. எங்கள் தபசுக்கு அப்படி எழுத்தில் ஒன்றும் இல்லை. உள்ளுக்குள் வைத்துக்கொள்வதுதான் அழகு என்று எங்கள் பங்குச் சுவாமி சொல்வார்.

ஒரு விஷயம். றெஜினாக்கா தன் தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுபோய் அறைக்குப் பின்னால் நிற்கும் பப்பாசிக் கன்றுக்கு ஊற்றுகிறார். நேற்றும் கண்டேன், இன்றும் கண்டேன். முழுப் போத்தல். தண்ணீருக்கு இவ்வளவு தட்டுப்பாடான இடத்தில் பப்பாசிக்கு ஏன் இந்தக் கவனிப்பு?

கேட்கவில்லை. நாக்கு அரித்தது.


பெப்ரவரி 23, திங்கள்.

இன்று நடந்தது என்னால்.

பின்னேரம் இரண்டரை. அணி நேராக நிற்கிறது. தண்ணீர் பவுசர் லொறி உள்ளே வருகிறது. வழமையாக அதை ஓட்டி வருபவர் வெற்றிலை வாயோடு ஒரு பெரியவர். இன்று கதவைத் திறந்து குதித்தது ஒரு பெண். காற்சட்டை, தலையில் துவாய் கட்டு. அவ்வளவு பெரிய பவுசரை ஒரு பெண் பின்பக்கமாக எடுத்துத் தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடைவெளியில் நிறுத்துகிறாள். என் கழுத்து தானாகத் திரும்பிவிட்டது.

மேடம் கண்டுவிட்டார். "நாப்பத்தி ஒண்ணு பவுசர் பாக்குது. சரி, எல்லாரும் பாப்போம்."

முழு அணியையும் அந்தப் பக்கம் திருப்பி நிறுத்தினார். கை தலைக்குப் பின்னால். முந்நூறு தரம் குந்தி எழும்ப வேண்டும். யாராவது விழுந்தால் முப்பது பின்னுக்கு.

நூற்றெண்பதில் 33 விழுந்தாள். பர்ஹானா வேம்பின் கீழிருந்து நூற்றைம்பதிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினாள். அவளுடைய குரல் அழுகிற மாதிரி இருந்தது. பவுசர் குழாயிலிருந்து தண்ணீர் தாங்கிக்குள் விழுகிற சத்தம் முழு நேரமும் கேட்டுக்கொண்டிருந்தது. முடியும் வரை ஒருவரையும் நகர விடவில்லை.

எனக்கு முன்னால் றெஜினாக்கா. ஒரு தரமும் தளரவில்லை. முதுகு முழுக்க நனைந்து, பிறகு நனைவு நின்று, உப்பு வெள்ளையாகப் படிந்தது. வியர்வை ஏன் நின்றது என்று அந்த நேரத்திலும் யோசித்தேன்.

முடிந்ததும் எல்லோரும் பைப்புக்கு ஓடினோம், ஓடினோம் என்று சொல்வது பொய், தவழ்ந்தோம். நான் மூன்று போத்தல் குடித்தேன். றெஜினாக்கா முகம் மட்டும் கழுவினார்.

ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். விடுப்பை விடு என்று அம்மா சொன்னதை இனி உண்மையாகவே பிடிக்கப்போகிறேன். என் ஒருத்தியின் கண்ணுக்குப் பத்தொன்பது பேரின் கால் கூலி.


பெப்ரவரி 24, செவ்வாய்.

ஒருவருக்கும் தொடை இல்லை. இருக்கிற இடத்தில் நெருப்புத்தான் இருக்கிறது.

12 படியைப் பின்பக்கமாக இறங்குகிறாள். அப்படி இறங்கினால் நோ குறைவாம். (செய்து பார்த்தேன், உண்மை.) 7 கக்கூஸ் கதவுக் கொண்டியில் துவாயைக் கட்டி அதைப் பிடித்துக்கொண்டு குந்துகிறாள். சாப்பாட்டு வாங்கில் யாரும் இருப்பதில்லை, விழுகிறோம். விழுகிற சத்தத்துக்கு மேடமே ஒருக்கால் சிரித்துவிட்டார்.

இந்த நோ ஏன் அன்றைக்கே வராமல் அடுத்த நாள் வருகிறது? உயர்தரத்தில் உயிரியல் படிப்பித்த சேர் ஏதோ அமிலம் என்றார். அமிலம் என்றால் உடனே எரிய வேண்டாமா?

றெஜினாக்காவின் தொடை மட்டும் வேறு மாதிரி. காற்சட்டை ஏறவில்லை, இழுத்துவிடச் சொல்லி என்னைக் கேட்டார். எங்கள் எல்லோருக்கும் தொடை நோகிறது, ஆனால் அமத்தினால் மெத்தென்று இருக்கிறது. அவருக்கு இறுகி, பளபளவென்று, பலகை மாதிரி. ஏன் ஒருவருக்கு மட்டும் என்று கேட்கலாமா என்று யோசித்தேன். மற்றவரின் விஷயம். விட்டேன்.

மாதவிடாய் நேரத்துக்கென்று வைத்திருக்கும் நோவுக் குளிசையில் இரண்டு கொடுத்தேன். பின்னேரம் இன்னும் ஒன்று. தண்ணீர் இல்லாமலே விழுங்கினார். எனக்கு அது ஒரு சாமர்த்தியமாகத்தான் தெரிந்தது.


பெப்ரவரி 25, புதன்.

மேகம், மழை இல்லை. என் காலுக்கு மருந்தறை அண்ணா மூன்று நாள் ஓட்டம் வேண்டாம் என்று எழுதித் தந்துவிட்டார். தும்புத்தடியும் கையுமாக முற்றம் கூட்டினேன்.

மற்றவர்கள் தேறுகிறார்கள். 12 நேராகவே படி இறங்கினாள். றெஜினாக்கா இன்னும் மோசம். முகம் ஊதியிருக்கிறது. காலை ஓட்டத்தில் கடைசியாக வந்தார், ஆனால் வந்தார்.

காலையில் தாங்கியில் தண்ணீர் இல்லை, பைப் இருமியது. கக்கூசில் றெஜினாக்காவுக்குப் பின்னால் நான். அவர் ஊற்றத் தண்ணீர் தேடி வெளியே வந்தார், அதற்குள் நான் உள்ளே போய்விட்டேன். வெள்ளைக் கோப்பையில் சிறுநீர் கொஞ்சமாகக் கிடந்தது. பால் விடாத தேத்தண்ணி நிறம். கடும் சாயம்.

யோசனைகள்:
மாதவிடாயா? இல்லை, அது வேறு சிவப்பு. இது மண்ணிறம்.
பீற்றூட்? ஒரு கிழமையாகக் கறியில் இல்லை.
செங்கண்மாரியா? கண் மஞ்சள் இல்லை. இரண்டு முறை பார்த்தேன்.
தண்ணீர் குறைந்தால் மஞ்சள் கூடும், எங்கள் எல்லோருக்கும் கூடியிருக்கிறது. ஆனால் இவ்வளவுக்கா?

வாளியோடு திரும்பி வந்தவர் என்னைக் கண்டு நின்றார். நானும் நின்றேன். ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். திங்கட்கிழமை என் கண்ணால் வந்த வினை நினைவுக்கு வந்தது. ஒன்றும் கேட்காமல் தள்ளி நின்று வழி விட்டேன்.

என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.


பெப்ரவரி 26, வியாழன்.

காலையிலும் அதே நிறம், இன்னும் கறுப்பு. இந்த முறை எட்டிப் பார்க்கவே போனேன். விதி இரண்டு போச்சு. றெஜினாக்கா சுவரைப் பிடித்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். விதி ஒன்றும் போச்சு. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். செவ்வாய் பின்னேரத்திலிருந்தாம்.

பப்பாசிக்கு ஊற்றுவதன் காரணமும் அப்போதுதான் வந்தது. தபசுக்கு அவர் விட்டிருப்பது தண்ணீர். பொழுது விடிந்ததிலிருந்து பொழுது படும் வரைக்கும் ஒரு சொட்டும் இல்லை.

"என்னத்துக்கக்கா தண்ணிய விட்டனீங்கள்?"

"பொலிஸுக்குள்ள எடுத்தாங்களே, அதுக்கு நன்றி. விடுறதுக்கு வேற என்ன டி இருக்கு என்கிட்ட?"

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று செபமாலையைக் கையில் திணித்துச் சத்தியம் வாங்கினார். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்தால் இந்த அணியிலிருந்து தூக்கிவிடுவார்கள். அடுத்த அணிக்கு அவருக்கு வயது இல்லை. நான் சத்தியம் செய்தேன். ஏன் செய்தேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. அவருடைய கை சுட்டது.

மத்தியானம் வரைக்கும் பேசாமல் இருந்தேன். அதற்குள் ஒரே ஒரு முறை கக்கூசுக்குப் போனார், ஒன்றும் வரவில்லை என்று திரும்பினார். வேம்பின் கீழ் இருந்து நேரத்தையும் நிறத்தையும் குறித்துக்கொண்டிருந்தபோது பர்ஹானா வந்து என்ன எழுதுகிறாய் என்றாள். சொல்ல ஏலாதே, கொப்பியைக் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தாள்.

"இதை என்னட்ட ஏன் காட்டுறாய்? மேடத்திட்டக் காட்டு."

சத்தியம் பண்ணியிருக்கிறேன் என்றேன்.

"அதுக்கு நீ பிறகு உங்கட சுவாமியிட்ட மன்னிப்புக் கேள். இப்ப எழும்பி நட."

அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். மேடம் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. நேரே வந்து, றெஜினாக்காவின் தொடையை அமத்திப் பார்த்து, என்ன நிறம் என்று மட்டும் கேட்டார். சொன்னதும் அவருடைய முகம் மாறிவிட்டது. பத்து நிமிடத்தில் ஜீப். ஏற்றும்போது றெஜினாக்கா என்னை ஒருக்கால் பார்த்தார், பிறகு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். துணைக்கு நிற்க என்னையே அனுப்பினார்கள். ஓட ஏலாதவள் நான்தானே.

பாலம் தாண்டி மன்னாருக்குள் வரும் வரைக்கும் அவர் கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.


பெப்ரவரி 27, வெள்ளி. ஆஸ்பத்திரி.

இரண்டு கையிலும் சேலைன். இரத்தம் நாலு குழாயில் எடுத்தார்கள்.

டொக்டர் சின்னப் பெண், என்னைவிடக் கொஞ்சம்தான் மூப்பு. என்ன நடந்தது என்று என்னைக் கேட்டார். கொப்பியைப் பார்த்துச் சொன்னேன்: முந்நூறும் முப்பதும், பின்னேரம் இரண்டரை, தண்ணீர் இல்லை, அதற்கு முன் ஐந்து நாள் பகலில் தண்ணீர் இல்லை. எல்லாவற்றையும் எழுதினார். ஏன் இப்படி ஆனது என்று திருப்பிக் கேட்டேன். இந்த ஒறுத்தலை எப்போதோ கைவிட்டாயிற்று.

அளவுக்கு மிஞ்சி வேலை வாங்கினால் தசை இழை உடையுமாம். எல்லோருக்கும் கொஞ்சம் உடையும், அதுதான் அடுத்த நாள் நோ. இவருக்குக் கட்டுக்கட்டாக உடைந்து, உள்ளே இருந்தது இரத்தத்துக்குள் கசிந்து, சிறுநீரகத்தில் போய் நிற்கிறது. "ரீ வடியில சாயத்தூள் அடைச்ச மாதிரி நினைச்சுக்கொள்ளுங்கோ. அடைச்சதைக் கழுவத் தண்ணி வேணும். அவவிட்ட அது இல்ல."

குளிசை ஏதும் போட்டவரா என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். யார் கொடுத்தது என்றார். நான் என்றேன். காய்ந்துபோன உடம்புக்கு அந்தக் குளிசையும் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் என்றார், சாதாரணமாகத்தான் சொன்னார்.

"நிறம் மாறினதை நீங்கள் எப்ப கண்டனீங்கள்?"

"புதன் காலமை."

"கொண்டுவந்தது வியாழன் பின்னேரம்."

ஓம் என்றேன். அவர் அதையும் எழுதினார். எழுதி முடிக்கும் வரைக்கும் நான் பேனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிறுநீர் இறங்காவிட்டால் மெசினில் போட்டு இரத்தம் கழுவ வேண்டி வருமாம்.

என் வாழ்நாளில் கேட்கக்கூடாத கேள்வி எவ்வளவு கேட்டிருக்கிறேன். யார் யாரை விரும்பினது, யாருக்கு எத்தனை பவுண். கேட்க வேண்டிய ஒன்றை விழுங்கிவிட்டு, அதைப் புண்ணியம் என்று வேறு நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.


மார்ச் 1, ஞாயிறு.

அளவுச் சாடி ஒன்றைத் தந்து, ஒவ்வொரு முறையும் எவ்வளவு என்று எழுதி வைக்கச் சொன்னார் வார்ட் நேர்ஸ் மிஸ். எனக்கு ஏற்ற வேலை.

வெள்ளி முழுவதும் – 90 மில்லிலீற்றர். கடும் சாயம்.
சனி காலை – 60. அதே.
சனி பின்னேரம் – 150. சாயம் கொஞ்சம் இளகல்.
இன்று விடிய – 220.
இன்று பத்து மணி – 300. இரண்டாம் முறை ஊற்றின தேத்தண்ணி.

டொக்டர் தாளைப் பார்த்துத் தலையாட்டினார். மெசின் தேவைப்படாது போல என்றார். வெளியே போய் யன்னலுக்குப் பக்கத்தில் நின்று நல்லாக அழுதேன். மணல் தரையில் ஒரு கழுதை என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

றெஜினாக்கா என்னோடு பேசுவதில்லை. மிஸ்ஸோடு பேசுகிறார், கூட்டுகிற அம்மாவோடு பேசுகிறார். சாடியை என் பக்கம் நீட்டும்போது சுவரைப் பார்க்கிறார். அடுத்த கட்டிலில் நானாட்டான் ஊர் அன்ரி, உழவு மெசின் இரும்பு காலில் வெட்டி வந்தவர். அவர் கேட்டார், "ரெண்டு பேரும் சகோதரங்களோ?" இல்லை என்றேன். "இவ்வளவு கோவத்தோட மூத்திரம் அளந்து குடுக்கிறது கூடப்பிறந்ததுகள்தான் எண்டு நினைச்சன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. றெஜினாக்காவுக்கு வரவில்லை.


மார்ச் 3, செவ்வாய்.

நிறம்: தேன். இன்று விடிய 400.

மருந்தறை அண்ணா பார்க்க வந்தார், தோடம்பழத்தோடு. வெளியே கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். நாளைக்கு முகாமில் விசாரணை. ஒரு படிவம் நிரப்ப வேண்டுமாம். அதில் இரண்டு கட்டம்: காயம் பயிற்சியால் வந்ததா, சொந்தக் காரணத்தால் வந்ததா. பயிற்சியால் என்றால் இடம் அப்படியே இருக்கும். சுகம் வந்த பிறகு அடுத்த அணியோடு சேரலாம், வயது திரும்பப் பார்க்கமாட்டார்கள். சொந்தக் காரணம் என்றால் பெயரை வெட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள்.

டொக்டரின் கடிதம் ஏற்கனவே போயிருக்கிறது. அதில் 'பகல் முழுதும் தண்ணீர் தவிர்த்தவர்' என்று ஒரு வரி இருக்கிறதாம். அந்த வரியைக் கொடுத்தது நான்.

"இன்ஸ்பெக்டர் சேர் அந்த வரியைத்தான் பிடிச்சிருக்கிறார். உன்னையும் கூப்பிடுவினம். கொஞ்சம் மாத்திச் சொல்லன்" என்றார் அண்ணா.

மாற்றிச் சொல்லலாம். எனக்குத் தெரியாது, டொக்டர் பிழையாக விளங்கிக்கொண்டார் என்று. ஆனால் பதிலை மாற்றிக் கொடுத்தால் பிறகு நான் யாரைப் பார்த்து என்ன கேள்வி கேட்பது? றெஜினாக்கா நித்திரை. கால் வீக்கம் வற்றி, தோல் சுருங்கியிருக்கிறது. இந்தக் காலோடு இவர் புதன்கிழமை ஓடினார்.

மத்தியானம் முழுக்க யோசித்தேன்.


மார்ச் 4, புதன். முகாம்.

காலையில் ஜீப்பில் வந்தேன். வெயில் ஏறிவிட்டது.

கந்தோரில் நாலு கதிரை. இன்ஸ்பெக்டர் சேர், எழுதுகிற கிளாக்கர், மல்லிகா மேடம் சுவரோரம் நின்றபடி. பர்ஹானாவை எனக்கு முன்னால் கூப்பிட்டு எண்ணிக்கையைக் கேட்டிருக்கிறார்கள். வெளியே வரும்போது என் கையை ஒருக்கால் அமத்திவிட்டுப் போனாள்.

சேர் குரல் உயர்த்தவில்லை. டொக்டரின் கடிதத்தை முன்னால் வைத்து, அந்தப் பிள்ளை தன் விருப்பத்தில் தண்ணீர் குடிக்காமல் இருந்தது உண்மையா என்றார். உண்மை என்றேன். யாரும் கட்டாயப்படுத்தினார்களா என்றார். இல்லை, தபசுக்கு அவர் தானாக விட்டது என்றேன். நோன்புப் பிள்ளைகள் எழுதித் தந்தார்கள்தானே, இவர் ஏன் எழுதித் தரவில்லை என்றார். எங்களுக்கு அப்படிச் சொல்லிச் செய்கிற வழக்கம் இல்லை என்றேன். ஒவ்வொரு பதிலுக்கும் கிளாக்கரின் பேனை ஓடியது. ஒவ்வொரு பதிலும் உண்மை. றெஜினாக்காவை நான் என் வாயாலேயே வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டேன்.

"அப்ப தெளிவுதானே" என்று சேர் தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

இடது கால் விண் விண் என்று அடித்தது. ஒரு கேள்வி இருக்கிறது சேர் என்றேன். பயிலுநர் கேள்வி கேட்கிற இடம் இல்லை அது. கேள் என்றார், பொறுமையாகத்தான்.

"அண்டைக்குப் பவுசருக்கு முன்னால நிக்கேக்க ஆர் சேர் தண்ணி குடிச்சது?"

சேருக்கு முதலில் விளங்கவில்லை. றெஜினா விட்டது தண்ணீரை, ஆனால் அன்றைக்கு அந்த இடத்தில் குடிக்கச் சொல்லி யாருக்காவது கொடுத்தார்களா, கொடுத்து அவர் மட்டும் வேண்டாம் என்றாரா என்று விரித்துச் சொன்னேன். சேர் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

மேடம் நேராக நின்றார். நாங்கள் அணியில் நிற்பதைவிட நேராக.

"ஒருத்தரும் இல்ல, சேர். நான் குடிக்க விடல்ல. தண்டனை நான் குடுத்தது, திரும்ப எண்ண வச்சதும் நான்தான்."

கிளாக்கர் பேனையைத் தூக்கினபடியே இருந்தார். அதையும் எழுதச் சொன்னார் சேர். பிறகு தாளைத் திருப்பி, நான் பார்க்கக்கூடியதாகவே, முதல் கட்டத்தில் சரி போட்டார். பயிற்சியால்.

வெளியே வந்து வேம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேடம் கடந்து போனார். அவருக்கு இனி என்ன நடக்கும் என்று கேட்டேன். அவரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பிறகு, கால் எப்படி என்றார். ஏழு கிழமையில் முதல் தடவை.


மார்ச் 5, வியாழன். ஆஸ்பத்திரி.

பார்வை நேரம் பன்னிரண்டுக்கு. அதற்கு முன்பே உள்ளே விட்டார்கள். றெஜினாக்கா தலையணை வைத்து நிமிர்ந்திருந்தார். ஒரு பக்கச் சேலைன் கழற்றியாகிவிட்டது. காலை அளவு 450, இளமஞ்சள், என் கையெழுத்து இல்லை, மிஸ் எழுதியிருந்தார்.

நடந்ததை ஒழுங்காகச் சொன்னேன். நான் சொன்ன பதில்கள், தபசு பற்றிச் சொன்னது, ஒன்றையும் மறைக்கவில்லை. மேடம் சொன்னது. முதல் கட்டம். ஆடியில் அடுத்த அணி வரும், அதோடு சேரலாம், வயது கேட்கமாட்டார்கள். அவர் போர்வையின் நூலைப் பிடுங்கிக்கொண்டே கேட்டார். நானாட்டான் அன்ரி கூட மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது.

பிறகு, ஒரு கிழமைக்குப் பிறகு, முதல் வார்த்தை.

"அப்ப நீ எனக்கு சீனியரா?"

ஓம் என்றேன்.

"சத்தியத்தை மீறுனவளுக்கு நான் சலூட் அடிக்கணும்."

ஓம் அக்கா என்றேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். தோள் குலுங்கியது. சிரிப்போ அழுகையோ, பின்னால் நின்று பார்க்கத் தெரியவில்லை.

எதுவென்று அவரிடமே கேட்டேன்.